பரணில் முளைத்த மூன்றாவது அறை

கேள்வி: இங்கிலாந்தின் லெஸ்டரில் ஒரு டெரஸ் வீடு, அதாவது ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று, பார்த்திருக்கிறோம். வரிசையின் நடுவில் இருக்கும் வீடு. ஏஜென்ட் மூன்று பெட்ரூம் என்கிறார், மூன்றாவது கூரைக்கு அடியிலுள்ள பரணில் இருக்கிறது. 2 லட்சத்து 85 ஆயிரம் பவுண்ட் கேட்கிறார்கள். சொலிசிட்டருக்கு (வீடு வாங்கும் வேலையைப் பார்க்கும் வக்கீலுக்கு) பணம் கட்டுமுன் நாங்களே என்ன பார்த்துக்கொள்ளலாம்? உள்ளாட்சி கவுன்சிலின் பிளானிங் (கட்டட அனுமதி) பக்கத்தில் தேடினால் இந்த வீட்டுக்கு ஒன்றுமே வரவில்லை. அது நல்லதா, கெட்டதா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், பலரும் அங்கேதான் சறுக்குகிறார்கள். ஒன்றும் வராததை வைத்து நல்லது, கெட்டது இரண்டுமே சொல்ல முடியாது. டெரஸ் வீட்டில் கூரையை வெளியே தள்ளிக் கட்டினாலும், கூடும் இடம் 40 கன மீட்டருக்குள் இருந்து, தெருவைப் பார்த்த பக்கம் துருத்தாமல் இருந்தால், பெரும்பாலும் பிளானிங் அனுமதி கேட்கவே வேண்டாம். கன்சர்வேஷன் ஏரியா, அதாவது பழமை காக்கும் பகுதி போன்ற இடங்களில் இந்தச் சலுகை கிடையாது. ஆனால் பில்டிங் ரெகுலேஷன்ஸ் எனப்படும் கட்டுமானப் பாதுகாப்பு விதிகள் வேறு சமாச்சாரம். தரை தாங்குமா, படிக்கட்டு சரியா, தீப்பிடித்தால் தப்பிக்க வழி உண்டா என்று பார்த்து, வேலை முடிந்ததும் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். அந்தக் காகிதம் இருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

அதைக் கேட்குமுன் ஈபிசி எனப்படும் எரிசக்திச் சான்றிதழை எடுங்கள். அரசு இணையதளத்தில் போஸ்ட்கோடைப் போட்டால் இலவசமாக வரும். எல்லோரும் கலர் பட்டையில் இருக்கும் எழுத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள், நீங்கள் கீழே இறங்கி மொத்தத் தரைப்பரப்பையும் கூரை பற்றிய வரியையும் பாருங்கள். ஒரு சான்றிதழ் 10 வருடம்தான் செல்லும் என்பதால், கைமாறிய வீடுகளுக்கு ஒன்றுக்கு மேல் இருக்கலாம், காலாவதியானதும் அடியில் பட்டியலில் கிடக்கும். உதாரணத்துக்கு, 2012-ல் எடுத்ததில் 78 சதுர மீட்டர், கூரையில் இன்சுலேஷன் இல்லை என்று இருக்கிறது, 2022-ல் எடுத்ததில் 97 சதுர மீட்டர், அதே வரியில் 'கூரை அறை' என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் எப்போதோ பரண் அறையாகிவிட்டது. நிலையான படிக்கட்டு இருந்தால்தான் அந்த அறை அளவில் சேரும், ஏணி வைத்து ஏறுவது கணக்கில் வராது.

அப்புறம் லேண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற அரசு நிலப் பதிவகத்தின் விற்ற விலைப் பட்டியல். இதுவும் இலவசம், 1995 ஜனவரியிலிருந்து இருக்கிறது. பரிசாகவோ வாரிசாகவோ கைமாறியது இதில் வராது, புதிதாக விற்றது ஏறவும் சில வாரங்கள், சமயத்தில் மாதங்கள் ஆகும். வீடு கடைசியாக 2011-ல் விற்று, அதன்பின் பரிசாகவோ வாரிசாகவோ கைமாறாமல் இருந்தால், பரண் வேலை இப்போது விற்பவருடையதுதான். 'நாங்கள் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது' என்று அவர் சொல்ல முடியாது.

சரி, விலைக்கு வருவோம். வரிசை வீடுகளில் ஒரு வசதி, எல்லாம் ஒரே அச்சு. பக்கத்தில் பரண் அறை இல்லாத 78 சதுர மீட்டர் வீடு அண்மையில் 2 லட்சத்து 34 ஆயிரத்துக்குப் போயிருந்தால், சதுர மீட்டருக்கு 3,000 பவுண்ட். உங்கள் 2 லட்சத்து 85 ஆயிரத்தை 97-ஆல் வகுத்தால் 2,938 வரும், அடடா மலிவு என்று தோன்றும். பில்டிங் ரெகுலேஷன்ஸ் சான்றிதழ் இல்லையென்றால் அந்த அறையைக் கழித்து 78-ஆல் வகுத்துப் பாருங்கள், 3,654. முதல் வீடு வாங்கியபோது நான் இந்தக் கணக்கைப் போடவில்லை. கையெழுத்துப் போட்டு முடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைச் சோதித்து எழுதிய சர்வே அறிக்கையை நிதானமாகப் படித்தால், நாங்கள் கட்டில் வாங்கிப் போட்ட அறை அதில் 'பொருள் வைக்கும் இடம்' என்று இருந்தது.

ஒரு எச்சரிக்கை. ஆர்வத்தில் வீட்டு எண்ணைச் சொல்லி கவுன்சிலுக்கு நீங்களாகப் போன் போடாதீர்கள். காகிதம் இல்லாவிட்டால் விற்பவர் அதற்கு ஈடாக ஒரு இன்ஷூரன்ஸ் எடுத்துத் தர முன்வருவது வழக்கம், கவுன்சில் காதுக்கு விஷயம் போய்விட்டால் பிறகு அந்த பாலிசி கிடைப்பது கஷ்டம். ஏஜென்ட் மூலம் கேளுங்கள், அல்லது சொலிசிட்டர் வரும்வரை பொறுங்கள். அந்த இன்ஷூரன்ஸும் கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் செலவுக்குத்தான், ஆடுகிற தரையைச் சரிசெய்ய அல்ல.

உரிமையாளர் பெயர், கடன், ப்ரீஹோல்டா (நிலமும் சொந்தம்) லீஸ்ஹோல்டா (நீண்ட காலக் குத்தகை) என்பதெல்லாம் லேண்ட் ரெஜிஸ்ட்ரி தரும் டைட்டில் ரெஜிஸ்டர் என்ற உரிமைப் பதிவில் இருக்கும். 2024 டிசம்பரிலிருந்து கட்டணம் 7 பவுண்ட். அரசு தளம் போலவே தோற்றமளித்து இதற்கு மேல் கேட்கும் தளங்கள் உண்டு, ஏமாறாதீர்கள்.

கேள்வி: அதே வீட்டுக்கு ஈபிசி-யில் 'டி' வந்திருக்கிறது. பயப்படணுமா?

பதில்: வேண்டாம். 55 முதல் 68 மதிப்பெண் வரை 'டி', பழைய டெரஸ் வீட்டுக்கு அது சாதாரணம். நடு வீட்டுக்கு இரண்டு பக்கமும் ஆள் குடியிருப்பதால் ஓர வீட்டைவிட சூடு நிற்கும். ஆனால் சுவர் பற்றிய வரியில் 'அனுமானம்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால், சோதிக்க வந்தவர் சுவரைத் துளைத்துப் பார்க்கவில்லை, வீட்டின் வயதை வைத்து எழுதியிருக்கிறார்.