சாவி யார் கையில? டல்லாஸ் சம்பளத்துல கோவையில் வாடகை வீடு

தம்பி, நீங்க கேட்டது இது. சொந்த ஊர் பெருந்துறைப் பக்கம். டல்லாஸ் வந்து ஆறு மாசம் ஆச்சு. எச்-1பி விசா, வருசச் சம்பளம் 1,80,000 டாலர். சரவணம்பட்டியில ரெண்டு பிளாட் லோன் போட்டு வாங்கி வாடகைக்கு விட்டா உட்கார்ந்த இடத்துல வருமானம் வருமா? பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு விலைக்கு வந்திருக்கு, அதையும் முடிச்சுடலாமா? இல்லை, இங்கேயே ஒரு வீடு வாங்கி விடறதா? படிப்புக் கடன் 28 லட்சம், 11 சதவீத வட்டியில இன்னும் நிக்குது.

தோப்புக்குப் பதில் சின்னது, அதை முதல்ல முடிச்சுக்கலாம். வாங்க முடியாதுங்க. வெளிநாட்டுல இருக்கற இந்தியர் விவசாய நிலம், எஸ்டேட், பண்ணை வீடு மூணையும் கிரயம் பண்ண ஃபெமாங்கற அந்நியச் செலாவணிச் சட்டத்துல இடமில்லை. தானமாவும் எழுதி வாங்கக் கூடாது. வாரிசா வந்த காடு தோட்டம், ஊர்ல இருந்தப்பவே உங்க பேர்ல இருந்த காடு, இதெல்லாம் வெச்சுக்கலாம். மீறி வாங்கினா அந்தத் தொகையில மூணு மடங்கு வரைக்கும் அபராதம் போட வழியிருக்கு. "25 சென்ட் பண்ணை மனை, தென்னையை நாங்களே பார்த்துக்கறோம்"னு வர்ற விளம்பரமும் இதே கதைதான். வகைமாற்றம் ஆகாத புன்செய்க்கு வேலி போட்டு கேட் வெச்சா அது மனை ஆயிடாது.

அடுத்தது அந்தப் படிப்புக் கடன். 28 லட்சத்துக்கு 11 சதவீதம்னா வருசத்துக்கு 3,08,000 ரூபா வட்டி. கீழ கணக்குப் போடற பிளாட் வருசம் முழுக்கத் தர்றது இதுல பாதியைச் சுத்தித்தான். கடனை அடைக்கறதுல கிடைக்கற 11 சதவீதத்துக்குக் காலி மாசம் கிடையாது, புரோக்கர் கிடையாது. பெரும்பாலும் அப்பாவோட வீட்டுப் பத்திரமோ காட்டுப் பத்திரமோதான் பேங்குல இருக்கும், அதுவும் மீண்டு வரும். இதுக்கு முன்னாடி வேணுங்கறது ரெண்டே ரெண்டு. 401(கே)ங்கற ஓய்வுக்காலச் சேமிப்புல கம்பெனி போடற பங்கு முழுசாக் கிடைக்கற அளவுக்கு நீங்களும் போடுங்க. ஆறு மாசச் செலவை இங்கேயே சேமிப்புக் கணக்குல வைங்க. எச்-1பியில வேலை போனா 60 நாள்தான் அவகாசம். அந்த நேரத்துல பிளாட்டை வித்துக் காசாக்க முடியாது.

இனி பிளாட். விலையும் வாடகையும் உதாரணத்துக்கு நான் போட்டது, உங்களுக்கு வந்த ரேட்டை வெச்சு மாத்திக்குங்க. கட்டி முடிச்ச, நிறைவுச் சான்று வாங்கின பிளாட் 60 லட்சம்னு வைங்க. அப்படிப்பட்டதுக்கு ஜிஎஸ்டி கிடையாது. கட்டிட்டிருக்கும்போதே புக் பண்ணினா 5 சதவீதம் வரும். பில்டர்கிட்ட முதல் கிரயமா வாங்கறப்ப 50 லட்சத்துக்கு மேல 3 கோடி வரைக்கும் முத்திரைத்தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவீதம். 4,20,000 ரூபா. கப்போர்டு, ஃபேன், கெய்சர், கிரில் கேட்டுன்னு 2,80,000. மொத்தம் 67 லட்சம் இறங்கியாச்சு. வாடகை 18,000. வருசத்துல ஒரு மாசம் காலின்னு வெச்சா 1,98,000 வரும். சொத்து வரி 6,000. புரோக்கர், பெயிண்ட், பிளம்பர் 20,000. கையில 1,72,000. போட்ட பணத்துக்கு 2.6 சதவீதம்.

உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்கும் மிஞ்சாதும்பாங்க. வாடகைக்கு விடறவன் கணக்கே பார்க்கறதில்லை, அதனால மிஞ்சற மாதிரித் தெரியுது.

லோன்ல வாங்கினா இன்னும் இறுகும். 45 லட்சம், 8.5 சதவீதம், 20 வருசம்னா இஎம்ஐ 39,000 ரூபா. வாடகை 18,000 போக மாசாமாசம் 21,000 உங்க சம்பளத்துல இருந்து போகணும். ரெண்டு பிளாட்டுன்னா 42,000. இதை வருமானம்னு சொல்றதுக்குப் பதிலா சிட்டு கட்டறோம்னு சொல்லலாம். விலை ஏறும்ங்கற நம்பிக்கையில கட்டறதுன்னா தப்பில்லை, ஆனா நீங்க கேட்டது அதில்லை.

வரியில பலரும் சறுக்கற இடம் பிடித்தம். வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருந்தா, வாடகை எவ்வளவு குறைச்சலா இருந்தாலும், குடியிருக்கறவர் 31.2 சதவீதம் பிடிச்சு அரசுக்குக் கட்டணும். அதுக்கு அவர் டான்ங்கற வரிப் பிடித்த எண் வாங்கணும், மூணு மாசத்துக்கு ஒருக்கா படிவம் போடணும். கீரணத்தத்துல வேலை பார்க்கற ஒரு பையன் 18,000 வாடகைக்கு இத்தனையும் செய்வானான்னு யோசிங்க. செய்யலைன்னா பொறுப்பு அவன் தலையில விழும், நோட்டீஸ் வந்த அன்னைக்கு வீட்டைக் காலி பண்ணிடுவான். அதனால ஒப்பந்தத்துக்கு முன்னாடியே சொல்லிடணும், இல்லைன்னா கம்பெனி குத்தகைக்கு விடணும். குறைவாப் பிடிக்கச் சொல்லி வருமான வரித்துறைகிட்ட சான்று வாங்கவும் வழியிருக்கு.

1,98,000ல 31.2 சதவீதம் 61,776. ஆனா நிஜமான வரி? வாடகையில சொத்து வரியைக் கழிச்சா 1,92,000. அதுல 30 சதவீதம் நிலையான கழிவு போக 1,34,400. புது வருமான வரி முறையில 4 லட்சம் வரைக்கும் வரியில்லை. இந்தியாவுல வேற வருமானம் இல்லைன்னா பிடிச்சது முழுக்கத் திரும்பி வரும், ரிட்டர்ன் போட்டாத்தான். ஒண்ணு கவனிங்க: "12 லட்சம் வரை வரி இல்லை"ன்னு பேசிக்கறாங்களே, அந்தத் தள்ளுபடி இந்தியாவுல வசிக்கறவங்களுக்கு மட்டும். உங்களுக்கு இல்லை.

அமெரிக்காவுக்கும் இந்த வாடகையைக் காட்டணும், இங்க வரிக்கு உலக வருமானம் முழுக்கக் கணக்கு. வெளிநாட்டு வாடகை வீட்டுக்குத் தேய்மானம் 30 வருசம். 67 லட்சத்துல கட்டடப் பங்கு 80 சதவீதம்னா 53,60,000. முப்பதால வகுத்தா வருசத்துக்கு 1,78,000க்கு மேல. 1,72,000 வருமானத்தை அது அப்படியே சாப்பிட்டுடும், ஆரம்பத்துல வரி வராது. மீதி நஷ்டத்தைச் சம்பளத்துல கழிக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 1,50,000 டாலருக்கு மேல வருமானம் இருக்கறவங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, நஷ்டம் அடுத்த வருசத்துக்குத் தள்ளிப் போகும். தேய்மானம் காட்டாம விட்டாலும் விக்கறப்ப காட்டினதாவே எடுத்துக்கிட்டு 25 சதவீதம் வரைக்கும் வரி போடுவாங்க, அதனால முதல் வருசத்துல இருந்தே காட்டுங்க.

வெளிநாட்டு பேங்க் கணக்கை அமெரிக்க அரசுக்குச் சொல்ற எஃப்பார் படிவத்துல பிளாட்டை எழுத வேண்டியதில்லை, பேங்க் கணக்கை எழுதணும். இந்தியக் கணக்கு எல்லாம் சேர்ந்து வருசத்துல ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினா போதும். அப்பாவோட கணக்குல உங்க பேரும் சேர்ந்திருக்கா? கொப்பரை வித்த பணம், எல்ஐசி முதிர்வுன்னு அதுல இருக்கறதும் உங்க கணக்குல சேரும். ஊர்ல இருந்தப்ப வெச்சிருந்த சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவா, அதாவது வெளிநாட்டுல இருக்கறவங்க இந்திய வருமானத்தைப் போடற கணக்கா, மாத்தியாச்சான்னும் பாருங்க. வாடகை அதுலதான் விழணும். கிரயத் தொகையை, வெளிநாட்டுச் சம்பளத்தைப் போடற என்ஆர்இ கணக்குல இருந்து அனுப்புங்க, அனுப்பின சீட்டை எடுத்து வைங்க. பின்னாடி வித்தா, போட்ட அந்நியச் செலாவணியைத் திரும்பக் கொண்டுவர அதுதான் ஆதாரம், அதுவும் ரெண்டு வீடு வரைக்கும்தான். விக்கறப்ப வாங்கறவர் லாபத்துல பிடிக்க மாட்டார், மொத்த விலையில 12.5 சதவீதமும் அதுக்கு மேல சர்சார்ஜ், செஸ்ஸும் பிடிப்பார். முன்கூட்டியே சான்று வாங்கினாத்தான் குறையும்.

இவ்வளவு தொல்லை எதுக்கு, அப்பா பேர்லயே வாங்கிடலாமேன்னு தோணும். பணத்தை அப்பாவுக்கு நிஜமாவே கொடுத்துடறதுன்னா நல்ல வழி. மகன் கொடுக்கற பணத்துக்கு அவருக்கு வரி இல்லை, வாடகைதாரருக்கு 31.2 தலைவலியும் இல்லை. நீங்க ஒரு வருசத்துல ஒருத்தருக்கு 19,000 டாலருக்கு மேல கொடுத்தா அமெரிக்க வரித்துறைக்கு 709ங்கற தானப் படிவம் போடணும், அவ்வளவுதான். ஆனா அது அப்பாவோட சொத்து. உயில் இல்லாம காலமானா அம்மாவுக்கும், அக்கா தங்கச்சிக்கும், அப்பத்தா இருந்தா அவங்களுக்கும் சம பங்கு. "பேரு அவருது, வீடு என்னுது"ங்கற ஏற்பாடுன்னா பினாமிச் சட்டத்துல மாட்டும். பெத்தவங்க பேர்ல வாங்கறப்ப உங்க பேரும் கூட்டா இருந்தாத்தான் விலக்கு.

திருப்பூர்ல லைன் வீடு போட்டா இதைவிட நல்லா வருமேன்னு ஊர்ல சொல்லுவாங்க. நிஜம்தான். பத்து ரூம், பத்து வாடகை. ஆனா தண்ணி மோட்டார் போடறது, கரண்ட் ரீடிங் எழுதறது, மாசம் பொறந்தா வசூல் பண்றது எல்லாம் தினசரி வேலை. பனியன் கம்பெனிக்கு ஆர்டர் குறைஞ்சா ஆளுங்க ஊருக்குக் கிளம்பிடுவாங்க, லைன் காலி. 2025 ஆகஸ்ட் 27ல இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது நினைவிருக்குமே. உங்க சம்பளமும் வாடகையும் ஒரே நாட்டை நம்பி இருக்கறது எனக்கு அவ்வளவாப் பிடிக்கலை.

பிளாட்டுக்கும் ஆள் வேணும். போர் தண்ணி உப்பா இருந்தா கெய்சர் காயில் சீக்கிரம் போகும், டேப்புல உப்புப் படிஞ்சு இறுகிக்கும். காலி பண்றப்ப மீட்டர் ரீடிங்கை போட்டோ எடுக்கணும், ஒவ்வொரு டேப்பா திறந்து பார்க்கணும், சாவி எத்தனை கொடுத்தோமோ அத்தனையும் எண்ணி வாங்கணும், அதுக்கப்புறம்தான் அட்வான்ஸைத் திருப்பணும். அந்த அட்வான்ஸைத் தனி எஃப்டியா போட்டு வைங்க, செலவு பண்ணிட்டு கடைசி நாள்ல முழிக்காதீங்க. தமிழ்நாட்டுல 2019ல இருந்து அமல்ல இருக்கற வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், வாடகை அலுவலர்கிட்ட பதியணும். இத்தனையும் செய்யப் போறது அறுபது வயசு அப்பான்னா, அவரைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

டல்லாஸ்ல வீடு? 3,50,000 டாலர் வீட்டை வாடகைக்குன்னே வாங்கினா 25 சதவீதம் முன்பணம் வைங்க. மீதி 2,62,500க்கு 7 சதவீதம், 30 வருசம்னா தவணை 1,746. சொத்து வரி 2 சதவீதம்னா மாசம் 583. இன்சூரன்ஸ் 250, மேலாண்மை 184, ரிப்பேர், காலி மாசத்துக்கு 230. ஆக 2,993. வாடகை 2,300. துண்டு விழறது 693 டாலர். அமெரிக்க அரசு காப்பீடு தர்ற எஃப்எச்ஏ வீட்டுக் கடன் 2025 மே 25க்கு அப்புறம் எச்-1பிக்கு இல்லை. குறைஞ்ச முன்பணத்துல சாதாரணக் கடன் வாங்கி, நீங்களே ஒரு வருசம் குடியிருந்துட்டு அப்புறம் விடறதுதான் கொஞ்சமாவது கட்டுப்படியாகும். டெக்சாஸ்ல ஆலங்கட்டி மழைக்கு இன்சூரன்ஸ்காரங்க வீட்டு மதிப்புல 1, 2 சதவீதத்தை உங்க கையில இருந்து போடச் சொல்லுவாங்க, அதைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.

கடன் முடிஞ்சு, அப்பாவும் சரின்னு சொல்லி, கோவைதான்னு ஆனா, 13 வருச ஈசியோட, அதாவது வில்லங்கச் சான்றோட, நிக்காதீங்க, 30 வருசத்துக்கு எடுங்க. தாய்ப்பத்திரம், பட்டா, புலப்படம் மூணுலயும் சர்வே எண்ணும் அளவும் ஒத்துப் போகணும். எட்டு வீட்டுக்கு மேல கட்டற திட்டம்னா ரெராங்கற ரியல் எஸ்டேட் ஆணையத்தோட பதிவு எண் கேளுங்க. நம்ம பக்கம் லே-அவுட் பூராவும் ஒரு காலத்துல யாரோ ஒரு குடும்பத்தோட தோட்டம். பூர்வீகச் சொத்துல பெண் பிள்ளைகளுக்கும் பங்குன்னு தமிழ்நாட்டுல 1989லயும் நாடு முழுக்க 2005லயும் சட்டம் வந்தது. அந்தக் குடும்பத்துப் பொண்ணுங்க கிரயத்துல கையெழுத்துப் போட்டிருக்காங்களான்னு வக்கீலை எழுதித் தரச் சொல்லுங்க.

பதிவுக்கு வர முடியலைன்னா அப்பாவுக்குப் பவர் கொடுக்கலாம். பிளாட் எண், சர்வே எண் போட்டு, இந்த ஒரு கிரயத்துக்கு மட்டும்னு எழுதுங்க. விக்கற அதிகாரத்தைச் சேர்க்காதீங்க. ஹூஸ்டன் துணைத் தூதரகத்துல சான்று வாங்கி அனுப்புங்க, இல்லைன்னா நோட்டரி போட்டு டெக்சாஸ் மாநில அரசோட அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டுல செல்லுபடியாகற சான்று, வாங்குங்க. ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துல முத்திரைத்தீர்வை கட்டணும். கூரியர் கவரைத் தூக்கிப் போட வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லுங்க, என்னைக்கு வந்ததுன்னு காட்ட அது வேணும்.