டீச்சரிடம் கேளுங்கள்: ஜூன் மாதத்தில் எதைக் குறிவைப்பது?

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் 31 வருஷம் தொடக்கப் பள்ளி ஆசிரியையாகவும் தலைமை ஆசிரியையாகவும் இருந்துவிட்டு, இப்போது சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் குடியிருக்கிறேன். தேர்வு முடிவுகள் வந்து, பள்ளி திறக்கும் நாளும் நெருங்குவதால், இந்தத் தடவை வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள், வரும் வருஷத்துக்கு எதை இலக்காக வைப்பது என்பதுதான் அது. ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டேன்.

*தேர்ச்சிப் பட்டியல் வந்ததும் சேலம் எத்தனையாவது இடம் என்றுதான் செய்தித்தாளில் முதலில் தேடுவேன். அந்த இடத்தை வைத்து மாவட்டத்தின் கல்வி வளர்ந்ததா, தேய்ந்ததா என்று சொல்லிவிட முடியுமா?*
— ஓய்வுபெற்ற அரசு ஊழியர், அழகாபுரம்

கொஞ்சம்தான் சொல்ல முடியும் ஐயா. நம் மாவட்டத்தில் 20 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. எடப்பாடியில் தறிச் சத்தத்துக்கு நடுவே படிக்கும் பிள்ளை, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வீட்டுப் பிள்ளை, ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் காட்டில் கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளை, ஏற்காட்டில் தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளை, இவர்கள் எல்லாரையும் கூட்டி வகுத்தால் ஒரே ஒரு எண் வரும். ஏற்காட்டில் பிள்ளைகள் எண்ணிக்கையே குறைவு. அங்கே பாதிப் பேர் தோற்றாலும் மாவட்டச் சதவீதம் பெரிதாக அசையாது. அதனால்தான் அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒட்டாது.

இன்னொன்று, பத்தாம் வகுப்பில் தெரிவது பத்து வருஷத்துக் கணக்கு. மூன்றாம் வகுப்பில் வாசிக்க வராத பிள்ளையைப் பத்தாம் வகுப்பு ஆசிரியர் எட்டு மாதத்தில் கரையேற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று அவரையே கேட்டுப் பாருங்கள். 2024 டிசம்பர் 4-ஆம் தேதி நாடு முழுக்க 'பரக்' அடைவுத் தேர்வு, அதாவது பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்க்கும் தேர்வு, நடந்தது. அது 3, 6, 9 வகுப்புகளுக்கானது. சில பள்ளிகளை மட்டும் மாதிரிக்கு எடுத்துச் செய்தாலும், கீழ் வகுப்புகளையும் பார்ப்பதால், மாவட்டம் எங்கே நிற்கிறது என்பதற்குத் தேர்ச்சிப் பட்டியலைவிட அது நல்ல கண்ணாடி. ஆனால் அதிலும் உங்கள் தெருப் பள்ளி தெரியாது. அதற்கு நேரே போய்த்தான் பார்க்க வேண்டும்.

*எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி வாசலில் '100 சதவீதத் தேர்ச்சி' என்று ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். பையனை ஆறாம் வகுப்பில் அங்கே சேர்க்கலாமா?*
— ஒரு தாய், ஓமலூர்

சேர்ப்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடுங்கள் அம்மா. நாலு வருஷத்துக்கு முன் அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் 60 பேர் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த வருஷம் பத்தாவது எழுதியவர்கள் 42 பேர், 42 பேரும் தேறினால் அது நூறு சதவீதம்தான். ஆனால் சேர்ந்த 60 பேரில் 42 என்றால் எழுபதுதான். மிச்சம் 18 பேர் எங்கே? சிலர் குடும்பத்தோடு வெளியூர் போயிருக்கலாம், அது இயல்பு. ஒன்பதாவதில் நிறுத்தப்பட்டு டி.சி. வாங்கிப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை, ஒன்பதில்தான் அந்த வாசல் திறக்கிறது.

என்னிடம் அ, ஆ படித்த பையன் ஒருவன் கீழே ஒரு பள்ளியில் ஒன்பதாவதோடு டி.சி. வாங்கிக்கொண்டு மலைக்குத் திரும்பி வந்தான். "நீ எழுதினா எங்க ரிசல்ட் போயிரும்னு சொன்னாங்க டீச்சர்" என்றான். கணக்கில் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். அப்புறம் மிளகு பறிக்கப் போய்விட்டான். அவனை இழந்த வருஷத்திலும் அந்தப் பள்ளி நூறு சதவீதம் என்றுதான் எழுதியிருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அதனால் உங்கள் ஊரில் அங்கே பாதியில் நின்ற பிள்ளை யாராவது இருந்தால், அந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேருங்கள்.

*நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். ஜூன் கூட்டத்தில் புது வருஷத்துக்கு இலக்கு எழுதித் தரச் சொல்கிறார்கள். போன வருஷம் 'கல்வித் தரத்தை உயர்த்துவது' என்று எழுதினோம். இந்த வருஷம் என்ன எழுதுவது?*
— ஒரு பெற்றோர், ஏற்காடு நாகலூர்ப் பக்கம்

உங்கள் கடிதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஐந்தாவது படித்தது போதும் அம்மா, இதற்கு அதுவே தாராளம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் இந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று வைத்ததே உங்களைப் போன்றவர்கள் பேசட்டும் என்றுதான். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதும் பொறுப்பையும் அதே சட்டம் குழுவிடம் கொடுத்திருக்கிறது.

'தரத்தை உயர்த்துவது' என்று எழுதினால் அடுத்த ஏப்ரலில் உயர்ந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவுமா பாருங்கள்.

மஞ்சக்குட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் இருந்தபோது, 80 பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தேன். இடது ஓரத்தில் பிள்ளைகள் பெயர், பக்கத்தில் நாலு கட்டம்: எழுத்து, சொல், வரி, கதை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வேன். எழுத்து மட்டும் தெரிந்தால் முதல் கட்டத்தில் டிக். சின்னக் கதையைத் தட்டாமல் வாசித்து, 'அப்புறம் நரி என்ன செஞ்சது?' என்று கேட்டால் பதில் சொன்னால் கடைசிக் கட்டம். ஒரு ஜூனில் மூன்றாம் வகுப்பில் 17 பேர். எழுத்தில் 5, சொல்லில் 6, வரியில் 4, கதையில் 2. அதைப் பார்த்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. மூன்றாம் வகுப்புக்கு வந்த 17 பேரில் இரண்டே பேர்தான் புத்தகம் வாசிக்கிறார்கள்.

குழுக் கூட்டத்தில் அந்த நோட்டை அப்படியே விரித்துக் காட்டினேன். 'ஏப்ரலுக்குள் எல்லாரையும் ஒரு கட்டமாவது நகர்த்த வேண்டும், எழுத்துக் கட்டத்தில் யாருமே இருக்கக் கூடாது' என்றேன். பெற்றோர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் அதில் அவரவர் பிள்ளையின் பெயர் இருந்தது.

அப்புறம்தான் வேலையே. எங்கள் பிள்ளைகள் ரயிலையோ கடலையோ பார்த்ததில்லை. அந்தச் சொற்களை வைத்து எழுத்து சொல்லிக் கொடுத்தால் வாய் ஓடுமே தவிர மனசு ஓடாது. 'பலா பழுத்தது', 'காபிப் பழம் சிவந்தது', 'காட்டெருமை வந்தது' என்று நானே அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். காட்டெருமை அட்டைக்கு ஒரே அடிதடி.

புரட்டாசி வரை நன்றாகப் போனது. கார்த்திகை பிறந்ததும் காபிப் பழம் பறிப்பு ஆரம்பம். விடிந்ததும் அம்மாக்கள் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் அக்கா நின்றுவிடுவாள். நாலைந்து பெண் பிள்ளைகள் தை வரைக்கும் அப்படித்தான். ஐந்தாம் வகுப்பு வரை வருஷத்துக்கு 200 பள்ளி நாள் என்பது சட்டம். அதில் 40 நாள் போனால், வரிக்கு வந்தவள் சொல்லுக்குத் திரும்பிவிடுகிறாள், நோட்டிலேயே தெரிந்தது. குழுவில் இருந்த ஒரு அம்மாதான் வழி சொன்னார். தோட்டத்துக்குப் போகாத பாட்டி ஒருவரைப் பள்ளித் திண்ணையில் உட்காரவைத்து, கைக்குழந்தைகளை அவரிடம் விட்டோம். தொட்டிலுக்குப் புடவை நான் கொண்டு போனேன். அக்காக்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

ஏப்ரலில் கதையில் 9, வரியில் 5, சொல்லில் 3. எழுத்தில் யாரும் இல்லை. சொல்லிலேயே நின்ற மூன்று பேரில் ஒருவனுக்குக் கண் பார்வைக் குறை, அது மாசி மாதம்தான் எனக்குத் தெரிந்தது. ஜூனிலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும், அது என் தவறு. ஆகவே உங்கள் இலக்கில் கண், காது பரிசோதனையை முதல் மாதத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊருக்கும் எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்: வாசிப்புக்கு ஒரு வரி, பெயரோடு. பறிப்புக் கால வருகைக்கு ஒரு வரி, குழந்தையை யார் பார்ப்பது என்பதோடு. ஐந்தாவது முடித்தவர்கள் ஒருவர் விடாமல் ஆறாவதில் சேர்ந்தார்களா என்று ஜூலையில் வீடு வீடாகப் பார்க்க ஒரு வரி. மலையில் பிள்ளைகள் நழுவுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான், பள்ளி தூரமாகிவிடுகிறது, பஸ் நேரம் ஒத்துவருவதில்லை. உண்டு உறைவிடப் பள்ளியில் இடம் கேட்பதானாலும் மே மாதத்திலேயே சாதிச் சான்று, ஆதார் எல்லாம் எடுத்து வைத்துவிடுங்கள். சுவருக்குப் பெயின்ட், கழிப்பறைக் குழாய் இதெல்லாமும் வேண்டும்தான், ஆனால் அவற்றை மட்டும் பேசிக் கூட்டம் முடிந்துபோக விடாதீர்கள்.

*ஈராசிரியர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சில பிள்ளைகள் இன்னும் அரும்பு நிலையில்தான் இருக்கிறார்கள். அப்படியே பதிவு செய்தால் 'ஏன் முன்னேற்றம் இல்லை' என்ற கேள்வி வருகிறது. மலர் என்று போட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. பயமாக இருக்கிறது டீச்சர்.*
— இளம் ஆசிரியை, சேர்வராயன் மலை

போடாதே அம்மா. பயம் எனக்குப் புரிகிறது. இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளியில் நானும் இருந்திருக்கிறேன்.

அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று நிலையாகப் பிரித்தது பிள்ளைக்கு அடுத்து எதைச் சொல்லிக்கொடுப்பது என்று நீ தெரிந்துகொள்வதற்கு. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து, எழுத்தே மறந்து வந்த பிள்ளைகளுக்காக இந்தத் திட்டத்தை 2022 ஜூனில் 1 முதல் 3 வகுப்புக்கு ஆரம்பித்தார்கள். அடுத்த கல்வியாண்டில் 4, 5 வகுப்புக்கும் வந்தது. அரும்பை மலர் என்று பதிந்தால் அவன் கைக்கு மலருக்கான பயிற்சித் தாள்தான் போகும். அவன் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதக் கற்றுக்கொள்வான். இரண்டு வருஷம் கழித்து ஆறாம் வகுப்பில் யாரோ ஒரு ஆசிரியர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

நான் சொல்வது இது. உள்ளதை உள்ளபடி பதிவு செய். கூடவே ஒரு நோட்டில் தேதி போட்டு, ஜூனில் எங்கே இருந்தான், இப்போது எங்கே இருக்கிறான் என்று எழுதி வை. அரும்பிலேயே இருக்கிற பிள்ளையும் நகர்ந்திருப்பான், நாலு எழுத்து தெரிந்தவனுக்கு இன்று பதினெட்டு தெரியலாம். யாராவது பார்வைக்கு வந்தால் அந்தப் பிள்ளையையே கூப்பிட்டு அவர்கள் முன்னால் வாசிக்கச் சொல். நல்ல ஆசிரியர் பயிற்றுநர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன், பிள்ளையைக் கண்ணால் பார்த்த பிறகு ஏன், எதற்கு என்று அதட்ட மாட்டார்கள், என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து பேசுவார்கள். முதலில் உன் தலைமை ஆசிரியரிடம் தனியாகச் சொல்லிவிடு. தனியாக நின்று சுமக்காதே.

*பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை என்றாகிவிட்டதே. அப்படியானால் மகளை இந்த வருஷமே பன்னிரண்டாம் பாடத்துக்கு டியூஷன் சேர்க்கலாமா?*
— விசைத்தறி ஓட்டுபவர், எடப்பாடி

வேண்டாம் ஐயா. 2017-18-இல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்த காரணமே, சில பள்ளிகள் பதினொன்றாம் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருஷமும் பன்னிரண்டையே உருட்டியதுதான். 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பாடம் போகவில்லை. நீட், ஜேஇஇ இரண்டிலும் பதினொன்றிலிருந்து நிறையக் கேட்கிறார்கள். வணிகவியல் எடுத்தாலும் கணக்குப் பதிவியலுக்கு அடித்தளம் பதினொன்றில்தான். காலாண்டு விடைத்தாளை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி நீங்களே பாருங்கள், புரியாவிட்டாலும் எங்கே தடுமாறினாய் என்று மகளைக் கேளுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. உங்கள் மகளும் அப்படித்தான் என்றால், தறிக்கு ஆள் வேண்டும் என்று அவள் படிப்பைப் பன்னிரண்டோடு நிறுத்திவிடாதீர்கள்.

*நான் எட்டாம் வகுப்புப் போகிறேன். எங்கள் சார் என்.எம்.எம்.எஸ். எழுதச் சொல்கிறார். அதில் என்ன வரும்?*
— ஒரு மாணவன், வாழப்பாடி

கட்டாயம் எழுது கண்ணு. அது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தரும் படிப்பு உதவித்தொகைக்கான தேர்வு. ஜெயித்தால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய், நாலு வருஷத்துக்கு 48,000. மனத்திறன் ஒரு தாள், பாடம் ஒரு தாள், ஒவ்வொன்றும் 90 மதிப்பெண். பாடத்தில் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் மூன்றும் 7, 8-ஆம் வகுப்புகளிலிருந்து வரும், அதனால் ஏழாம் வகுப்புப் புத்தகத்தைத் தம்பிக்குக் கொடுத்துவிடாதே. ஏழாவதில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 50. வீட்டு வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றுக்கு அப்பாவை இப்போதே விண்ணப்பிக்கச் சொல், கடைசி வாரத்தில் அலைய வேண்டாம்.

மனத்திறனுக்கு ஒரு நாளைக்குப் பத்துக் கணக்கு போதும், ஆனால் விடாமல் போடு. எது புரியவில்லையோ அதை எனக்கு எழுது, அடுத்த இதழில் போட்டுக் காட்டுகிறேன்.