காந்தத் துடிப்பும் கற்பனை அசைவும்: மகளின் மேற்படிப்பு குறித்து ஒரு தந்தைக்கு

அன்புள்ள ஐயாவுக்கு, வணக்கம்.

பக்கவாதத்தால் செயலிழந்த பாட்டியின் மணிக்கட்டு, முன்கை மீது காந்தத் துடிப்பு தரும் கம்பிச்சுருளை வைத்ததும் ‘டக்’கென்ற ஒலியோடு மேலெழுந்ததை உங்கள் மகள் என் மேசை மீது தன் கையை வைத்தே செய்து காட்டினாள். அதைவிட அவள் கேட்ட கேள்விதான் என் மனத்தில் நின்றது: “கையை மெஷின்தானே தூக்குது, அப்புறம் ஏன் பாட்டியை ‘டம்ளரை எடுக்கிற மாதிரி நினைங்க’ன்னு சொல்றாங்க?” இது வேடிக்கை பார்த்த பிள்ளையின் கேள்வி அல்ல. ஆகவே படிப்பைப் பற்றிப் பேசுமுன் இதற்கு விடை சொல்லிவிடுகிறேன்.

சுருளில் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரம் பாயும் வலுவான மின்சாரம் காந்தப்புலத்தை உண்டாக்க, மாறும் அந்தப் புலம் உடலுக்குள் சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த, பிளஸ் டூ இயற்பியலில் அவள் படிக்கும் அதே மின்காந்தத் தூண்டல்தான். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கரும் அவருடன் பணியாற்றியவர்களும் இம்முறையால் மண்டையோட்டைத் திறக்காமலே மூளையைத் தூண்டிக் காட்டினார்கள். முன்கை நரம்பில் செலுத்தினால் தசை சுருங்குகிறது. தோலில் மின்முனை ஒட்டிச் செய்யும் சிகிச்சையைவிட வலியும் குறைவு. கை அசைந்த உணர்வு அப்போது மூளைக்கு ஏறுகிறது. அதே கணத்தில் நோயாளி அந்த அசைவை மனத்தில் நிகழ்த்தினால், அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. கீழிருந்து உணர்வும் மேலிருந்து எண்ணமும் ஒரே நேரத்தில் சந்தித்தால் பழுதுபட்ட பாதை மீண்டும் வலுப்பெறக்கூடும் என்பதே இந்த இணைப்புக்குப் பின்னுள்ள எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பு என்றே சொல்கிறேன். இது இன்னும் ஆய்வு நிலையில் உள்ள முறை. நாள்தோறும் செய்ய வேண்டிய பயிற்சிக்கு மாற்று அன்று. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கும் தனிக் கவனம் தேவை. “ஒரே மாதத்தில் கை வந்துவிடும்” என்ற விளம்பரத்தை நம்பிச் சிகிச்சைக்கும் செல்ல வேண்டாம். மகளின் எதிர்காலத்தையும் அதன் மீது கட்ட வேண்டாம்.

இதில் கடினமான வேலை இயந்திரத்தை இயக்குவதன்று. நோயாளி உண்மையிலேயே கற்பனை செய்கிறாரா என்பதை எவரும் கண்ணால் பார்க்க முடியாது. தன் கையைப் படம்போலப் பார்ப்பது ஒன்று. விரல் மடங்குவதையும் டம்ளரின் சூட்டையும் கனத்தையும் உள்ளிருந்து உணர்வது வேறு. இந்த இரண்டாவதைத்தான் சிகிச்சை நாடுகிறது. பேச்சுத் தடுமாறும் ஒரு மூதாட்டிக்கு அதை அவருடைய தமிழில் சொல்லிப் புரியவைத்து, துடிப்பு வரும் நேரத்தோடு பொருத்துபவருக்கு நரம்பியலும் தெரிய வேண்டும், பொறுமையும் வேண்டும்.

இனி படிப்பு. இந்தச் சிகிச்சையின் பெயரில் தனி இளநிலைப் படிப்பைத் தேட வேண்டாம்; அடித்தளப் படிப்புதான் முக்கியம். சில ஆண்டுகளுக்கு முன் இதே ஆர்வத்தோடு வந்த ஒரு மாணவனை, வேலைவாய்ப்பை மட்டும் எண்ணி உயிர்மருத்துவப் பொறியியலுக்கு அனுப்பினேன். நன்றாகப் படித்தான், ஆனால் “நோயாளியைப் பார்க்கவே முடியவில்லை” என்று வருந்தினான். அது என் தவறு. சுருளை எப்படி வடிவமைப்பது என்று கேட்பவர்களுக்குப் பொறியியலும், ஐஐடி மெட்ராஸின் மருத்துவ அறிவியல் மற்றும் பொறியியல் பட்டப்படிப்பும் பொருத்தமானவை. பாட்டியிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்கும் உங்கள் மகளுக்கு இயன்முறை மருத்துவமோ (பிசியோதெரபி) செயல்முறை மருத்துவமோதான் (ஆக்குபேஷனல் தெரபி) முதல் தேர்வு என்பது என் கருத்து. பின்னர் நரம்பியலில் முதுநிலை முடித்தால் ஆய்வுக்கும் வழி திறக்கும். எம்பிபிஎஸ், அதன்பின் மறுவாழ்வு மருத்துவத்தில் எம்.டி. என்பதும் நல்ல பாதையே, நீண்ட பாதை.

தொடக்கச் சம்பளம் குறித்த உங்கள் கவலை நியாயமானது. தனியார் மருத்துவமனைகளில் முதல் சில ஆண்டுகள் நெருக்கடியாகவே இருக்கும். அதற்கேற்பக் கல்விக் கடனை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். இயன்முறை, செயல்முறை மருத்துவத் துறைகள் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு தேசிய ஆணையத்தின் கீழ் வந்துள்ளதால், பாடத்திட்டத்தையும் சேர்க்கை விதியையும் பழைய மாணவர்களிடம் கேட்காமல், சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் மருத்துவப் படிப்புகளுக்கான தேர்வுக் குழுவின் இவ்வாண்டுக் குறிப்பேட்டில் பாருங்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். கிண்டி டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு உண்டா, பக்கவாத நோயாளிகள் நாள்தோறும் வரும் மருத்துவமனையில் பயிற்சி உண்டா என்று கேளுங்கள்.

விண்ணப்பிக்குமுன், கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் அனுமதி கேட்டு, ஒரு முற்பகல் முழுவதும் அவளை அங்கே இருக்கச் செய்யுங்கள். ஒரே விரலை நூறு முறை நீட்டச் சொல்லும் வேலையைப் பார்த்த பிறகும் அவளிடம் கேள்விகள் மிச்சமிருந்தால், அவற்றை எழுதிக்கொண்டு சனிக்கிழமை வரச் சொல்லுங்கள்.