குவாங்சௌ ஹோம்ஸ்டே: "போலீஸ் பதிவு தேவையில்லை" என்கிறார் வீட்டுக்காரர், நம்பலாமா?

கேள்வி: திருப்பூரில் குழந்தைகள் உடுப்புக்கான லேஸ், பட்டன், ஜிப் வாங்கி விற்கிறேன். அக்டோபர் கடைசியில் கேண்டன் வணிகக் கண்காட்சியின் மூன்றாம் கட்டத்துக்காக முதல் தடவையாகச் சீனாவின் குவாங்சௌவுக்குப் போகிறேன். ஒன்பது இரவு. கண்காட்சி நேரத்து ஹோட்டல் வாடகை கட்டுப்படியாகவில்லை. ஹைஜூ பகுதியில் ஒரு ஹோம்ஸ்டேயை இரவுக்கு 160 யுவான் என்று ஆப் மூலம் பிடித்தேன். இப்போது வீட்டுக்காரர் வீசாட் என்ற சீனச் செய்தி ஆப்பில் வந்து, "ஆப்பில் கேன்சல் செய்துவிட்டு எனக்கு நேரடியாக அனுப்புங்கள், 130க்குத் தருகிறேன். போலீஸ் பதிவெல்லாம் தேவையில்லை" என்கிறார். நம்பலாமா? நடுவில் ஒரு நாள் ஹாங்காங் போய்வரும் எண்ணமும் இருக்கிறது.

பதில்: அந்த 30 யுவானை விட்டுவிடுங்கள். ஆப்பில் செய்த புக்கிங்கைக் கேன்சல் செய்யாதீர்கள். அவர் கடைசிவரை பதிவு செய்து தர மறுத்தால் அந்த வீடே வேண்டாம், வேறு இடம் பாருங்கள். "பத்து வருஷமா போறேன், ஒருத்தனும் கேட்டதில்லை" என்று உங்கள் ஊரிலேயே நாலு பேர் சொல்வார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு நீங்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் காரணத்தையும் சொல்கிறேன்.

சீனாவில் வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் அது அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிவாக வேண்டும். ஹோட்டல் என்றால் ரிசப்ஷனில் பாஸ்போர்ட்டை வாங்கி ஸ்கேன் செய்யும்போதே அந்த வேலை நடந்துவிடும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. வீடு என்றால், போய் இறங்கிய 24 மணி நேரத்துக்குள் நீங்களோ வீட்டுக்காரரோ பதிய வேண்டும். 2013 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டம் இது. பதியாவிட்டால் எச்சரிக்கை, அதோடு 2,000 யுவான் வரை அபராதம் போடலாம். நம் காசுக்கு 24,000 ரூபாய்க்கு மேல். ஒன்பது இரவில் நீங்கள் மிச்சம் பிடிக்கப்போவது 270 யுவான், அதாவது மூவாயிரத்துச் சொச்சம்.

அபராதத்தை விட எனக்குப் பெரிய கவலை வேறு. சந்தையில் பை தொலைந்து பாஸ்போர்ட்டும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காவல் நிலையத்தில் புகார். பிறகு குடிவரவு அலுவலகத்தில் தொலைந்ததற்கான சான்று. அதை எடுத்துக்கொண்டு குவாங்சௌவிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில், பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகக் காட்டும் அவசரச் சான்றிதழ். பிறகு ஊர் திரும்ப வெளியேறும் விசா. இந்த வரிசையில் யார் முதலில் கேட்பதும் "எங்கே தங்கியிருக்கிறீர்கள், பதிவுத் தாள் எங்கே?" என்பதைத்தான். பதிவு இல்லை என்றால் பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர் என்ற நிலை போய், சட்டத்தை மீறித் தங்கியவர் என்ற இடத்திலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கும். விசா நீட்டிப்புக்குப் போனாலும் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.

சரி, வீட்டுக்காரர் ஏன் தேவையில்லை என்கிறார்? பதிய வேண்டுமானால் உங்கள் பாஸ்போர்ட்டும் விசாவும் நுழைவு முத்திரையும் போதாது. அவருடைய அடையாள அட்டை வேண்டும், அந்த வீடு அவருடையது என்பதற்கான பத்திரமோ வாடகை ஒப்பந்தமோ வேண்டும். பல பேரிடம் அது இருக்காது. ஒரு கட்டடத்தில் நாலைந்து ஃபிளாட்டை மாத வாடகைக்கு எடுத்து, உரிமையாளருக்குத் தெரியாமல் நாள் வாடகைக்கு விடுவார்கள். காவல் நிலையத்துக்குப் போனால் அந்த விஷயம் வெளியே வந்துவிடும். ஆகவே "தேவையில்லை" என்று அவர் சொன்னால், தன்னால் முடியாது என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் கேட்டவுடனே எந்தக் காவல் நிலையம் என்று சொல்லிவிடுவார்கள். சிலர் கைபேசியிலேயே பதிந்து முடித்துவிடுவார்கள்.

இந்த "ஹோம்ஸ்டே" என்ற சொல்லே நம்மவர்களை ஏமாற்றுகிறது. ஊட்டியிலும் கூர்க்கிலும் பார்த்த மாதிரி ஒரு குடும்பம் இருக்கும், காலையில் இட்லி வரும், ஒரு பிரச்சினை என்றால் வீட்டுக்கார அம்மா இருப்பார் என்று நினைத்துப் போகிறார்கள். சீன மொழியில் இருப்பது "மின்சு". பெரிய நகரத்தில் மின்சு என்றால் பெரும்பாலும் முப்பது மாடிக் கட்டடத்தில் ஓர் அறை, கதவில் எண் அழுத்தும் பூட்டு, ஆள் யாரும் இல்லை. ஆப் அதை மொழிபெயர்த்து ஹோம்ஸ்டே என்று காட்டுகிறது. ஏர்பிஎன்பி 2022 ஜூலையோடு சீனாவுக்குள் இருக்கும் வீடுகளைப் பட்டியலிடுவதை நிறுத்திவிட்டது. மிச்சம் இருக்கும் ஆப்களில் பல உள்ளூர் ஆட்களுக்காக, அவர்கள் அடையாள அட்டையை வைத்துச் செய்யப்பட்டவை.

ஹைஜூவில் இருக்கிறது என்கிறீர்கள். ஜொங்தா துணிச் சந்தைக்குப் பக்கத்தில், காங்லெ, லூஜியாங் என்ற நகர்க் கிராமங்களுக்குள் (நகரம் வளர்ந்து சூழ்ந்துகொண்ட பழைய கிராமங்கள்) இருந்தால் வரைபடத்தில் நன்றாக வைத்துப் பாருங்கள். எதிர்வீட்டு ஜன்னல் வழியாகக் கை குலுக்கலாம் என்பதால் அங்குள்ள கட்டடங்களைக் "கைகுலுக்கும் கட்டடம்" என்றே சீனர்கள் சொல்வார்கள். சந்து முழுக்கத் தையல் பட்டறைகள். வாடகை மலிவு, சந்தை நடக்கும் தூரம், உங்கள் தொழிலுக்கு வசதிதான். ஆனால் முதல் தடவை போகிறவர் விடியற்காலையில் பெட்டியோடு வீட்டு எண் தேடுகிற இடமில்லை அது. சில வருடம் முன்பு நானே அங்கே அதிகாலை இரண்டு மணிக்குக் கதவு எண் வேலை செய்யாமல் நின்றிருக்கிறேன். வீட்டுக்காரர் தூங்கிவிட்டார். நான் ஆப்பைக் கேன்சல் செய்து நேரடியாகப் பணம் கட்டியிருந்ததால் புகார் சொல்லவும் ஆளில்லை. விடியும்வரை ஒரு தையல் பட்டறைக்காரர் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். இன்றைக்கும் அந்த மனிதரை நன்றியோடு நினைக்கிறேன்.

ஆப்புக்கு வெளியே பணம் கட்டாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வது அந்த இரவுக்குப் பிறகுதான். ஆப்பில் கட்டிய பணத்துக்கு ரசீது உண்டு, முகவரி உண்டு, அறை வேறு மாதிரி இருந்தால் திருப்பிக் கேட்க வழி உண்டு. வீசாட்டில் அனுப்பிய பணத்துக்கு ஒன்றும் கிடையாது. டெபாசிட்டும் அப்படித்தான். "யாஜின்" என்பார்கள், அதையும் ஆப் வழியாகவே கட்டுங்கள். உள்ளே நுழைந்ததும் அறையைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து வையுங்கள்.

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் போனதும் சந்திப்பீர்கள். குவாங்சௌவில் சியாவ்பெய், சான்யுவான்லி பக்கம் வெளிநாட்டு வியாபாரிகள் நிறைய. அங்கே நம் மொழியிலேயோ இந்தியிலேயோ பேசி, "தங்க இடம், சாப்பாடு, மார்க்கெட் எல்லாம் நான் பார்த்துக்கறேன் அண்ணே" என்று ஒருவர் வருவார். அறை வாடகை மலிவாக இருக்கும், சாம்பார் சாதம்கூடக் கிடைக்கும். மறுநாள் அவர் கூட்டிப்போகும் கடைகளில் ஒவ்வொரு மீட்டர் லேஸிலும் அவர் கமிஷன் ஏறியிருக்கும். அறையில் மிச்சம் பிடித்த காசு சரக்கு விலையில் போய்விடும், ஏறியது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. அதை விட மோசம், "பதிவுக்கு வேண்டும்" என்று பாஸ்போர்ட்டை வாங்கி நாலு நாள் வைத்துக்கொள்வது. பாஸ்போர்ட் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. பதிவுக்குப் போனால் நீங்களும் கூடப் போங்கள், அல்லது படம் மட்டும் கொடுங்கள்.

ஊரிலேயே ஆரம்பிக்கும் ஒரு தந்திரமும் உண்டு. விசாவுக்காக ஏஜென்ட் ஒரு ஹோட்டலை புக் செய்து காட்டிவிட்டு, விசா வந்ததும் கேன்சல் செய்துவிடுவார். சீனாவில் இறங்கும்போது நிரப்பும் வருகை அட்டையில் தங்கும் முகவரி கேட்பார்கள். பலர் விசா விண்ணப்பத்தில் இருந்த அந்தப் பழைய ஹோட்டலையே எழுதிவிடுகிறார்கள். உண்மையில் தங்கப்போகும் முகவரியைச் சீன எழுத்தில் அச்செடுத்து வைத்துக்கொண்டு அதையே எழுதுங்கள்.

"ஹோட்டலிலேயே வெளிநாட்டவரை ஏற்பதில்லையாமே?" என்று அடுத்து கேட்பீர்கள். இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமையே போய்விட்டது. வெளிநாட்டவரைத் தங்கவைக்கத் தனித் தகுதி எதுவும் தேவையில்லை, அந்தக் காரணம் சொல்லி மறுக்கக் கூடாது என்று 2024இல் அரசே சொல்லிவிட்டது. ஆனாலும் சின்ன ஹோட்டல் கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணுக்குப் பாஸ்போர்ட்டைக் கணினியில் எப்படி ஏற்றுவது என்று யாரும் கற்றுத்தருவதில்லை. தெரியாததால் "முடியாது" என்று கை ஆட்டுகிறார். ராத்திரி பதினொரு மணிக்குப் பெட்டியோடு நிற்பவர் சட்டம் பேச முடியுமா? பதிவு வேண்டும் என்று கட்டாயமாக்குகிறார்கள், பதிவு செய்யத் தெரிந்த இடம் எது என்று ஆப்பில் தெளிவாகக் காட்ட வைப்பதில்லை. சுமை எல்லாம் மொழி தெரியாத பயணி தலையில். அதனால் ஹோட்டல் பிடித்தாலும் முன்பே செய்தி அனுப்பி உறுதி செய்யுங்கள்.

வாடகைதான் பிரச்சினை என்றால் பக்கத்து நகரமான போஷானைப் பாருங்கள். கண்காட்சி நாட்களில் அங்கே விலை அவ்வளவு ஏறாது. குவாங்-போ மெட்ரோவில் ஏறி, ஷாயுவானில் எட்டாம் பாதைக்கு மாறினால், ஜொங்தா சந்தையும் பாஜௌ கண்காட்சி அரங்கமும் அதே பாதையில் வந்துவிடும். பெரிய மலிவு ஹோட்டல் தொடர்களின் கிளை ஒன்றில் ஒழுங்கான பதிவோடு தங்கலாம்.

இப்போது ஹாங்காங். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில் மாட்டினவர்கள் அதிகம். ஹாங்காங் சீனாவின் பகுதிதான், ஆனால் விசாக் கணக்கில் நீங்கள் சீனாவை விட்டு வெளியேறுகிறீர்கள். குவாங்சௌ தெற்கு நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ஹாங்காங்கின் மேற்கு கௌலூன் நிலையம். சீனாவின் வெளியேறும் சோதனையும் ஹாங்காங்கின் நுழைவுச் சோதனையும் அந்த ஒரே நிலையத்துக்குள் நடப்பதால் எல்லை தாண்டிய உணர்வே வராது. ஆனால் உங்கள் விசாவில் நுழைவு எண்ணிக்கை "01" என்று இருந்தால் திரும்பி வர முடியாது. அறையில் பெட்டி இருக்கும், நாளைக்குக் கண்காட்சி இருக்கும், நீங்கள் ஹாங்காங்கில் இருப்பீர்கள். ஆகவே முதலில் விசாவில் அந்த எண்ணைப் பாருங்கள். அதே நுழைவு எண்ணிக்கை இடத்தில் "02" அல்லது "M" (பல முறை) இருந்தால் போகலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஹாங்காங்கில் 14 நாள் விசா வேண்டாம், ஆனால் கிளம்பும் முன் இணையத்தில் வருகைக்கு முந்தைய பதிவைச் செய்து தாளை அச்செடுக்க வேண்டும். அது இலவசம், அதற்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். திரும்பி வந்ததும், அதே அறைதான் என்றாலும் புதிய நுழைவு முத்திரையோடு மறுபடி பதிந்துகொள்வதுதான் பாதுகாப்பு. ஹோட்டல் என்றால் பாஸ்போர்ட்டை இன்னொரு முறை நீட்டினால் போதும். மின்சு வீட்டுக்காரர் இரண்டாவது தடவை கூட வருவாரா என்பதை இப்போதே கேளுங்கள்.

பணத்துக்கு அலிபே என்ற சீனப் பணம் செலுத்தும் ஆப்பைத் திருப்பூரிலேயே பாஸ்போர்ட் காட்டி, விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டு சேர்த்து முடித்துவிடுங்கள். 200 யுவானுக்கு மேல் போகும் ஒவ்வொரு தடவையும் 3 சதவீதம் பிடிப்பார்கள், அது தெரிந்தே இருக்கட்டும். நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டால் வாட்ஸ்அப்பும் வேலை செய்யும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: ஆப்பின் செய்திப் பெட்டியிலேயே, வீசாட்டில் வேண்டாம், இப்படிக் கேளுங்கள்: "நங் பான் லின்ஷ் ஜூசூ தங்ஜி மா?" தற்காலிகத் தங்கல் பதிவு செய்து தர முடியுமா என்று பொருள். மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுச் சீன எழுத்தாகவே அனுப்புங்கள், எந்தக் காவல் நிலையம் என்றும் சேர்த்துக் கேளுங்கள். பதில் "முடியும்" என்று எழுத்தில் வந்தால் 160க்கே தங்குங்கள். மழுப்பினாலோ மறுபடி தள்ளுபடி பேசினாலோ, உங்கள் புக்கிங்கில் இலவசக் கேன்சலுக்குக் கடைசித் தேதி என்ன என்று பாருங்கள். அதற்கு முன் போஷானில் ஓர் அறை பிடித்துவிட்டு இதை விட்டுவிடுங்கள்.