கல்லுக்குத்தான் குத்தகை, மண்ணுக்கு அல்ல

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். கனகபுரா பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் கேழ்வரகு நிலம் உண்டு. எங்கள் சம்மதத்தின்பேரில் ஒருவர் அதில் கிரானைட் குவாரிக் குத்தகை பெற்றார். மேல்மண்ணைத் தனியே குவித்துவைத்து, வேலை முடிந்ததும் பரப்பித் தருவதாக எங்களுடன் ஒப்பந்தம் செய்தார். மூன்று ஏக்கரிலும் மண்ணை வழித்துவிட்டார். இப்போது அந்தக் குவியலை இரவில் டிப்பரில் ஏற்றி மனைப்பிரிவுகளுக்கு விற்கிறார். கேட்டால், "தோண்டியதெல்லாம் எனக்குத்தான்" என்கிறார்.

பதில்: அது முழுத் தவறு. அவருக்குக் கிடைத்தது கல்லை வெட்டும் உரிமை. மேல்மண்ணைத் தனியாக எடுக்க வேண்டும், நிலத்தைச் சீரமைக்கப் பயன்படுத்த வேண்டும், உடனே முடியாவிட்டால் தனியாகச் சேமிக்க வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டின் கிரானைட் பாதுகாப்பு விதிகளிலேயே இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதியிலும் பெரும்பாலும் இந்த நிபந்தனை இருக்கும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் அதைத் தேடி எடுங்கள்.

நிரப்புவதற்கு விற்கப்படும் சாதாரண மண்ணும் 2000 பிப்ரவரி முதல் சிறுகனிமம்தான். அனுமதிச் சீட்டு இல்லாமல் அதை ஏற்றிச் சென்றால் வண்டியைப் பறிமுதல் செய்யலாம். சுரங்கம் மற்றும் புவியியல் துறைக்கும் தாசில்தாருக்கும் வண்டி எண்களோடு எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

ஆனால் உங்கள் வழக்கின் உயிர் அந்தக் குவியலில்தான் இருக்கிறது. சிவில் நீதிமன்றத்தில் ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட்டு, இடைக்காலத் தடையோடு, நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரையும் கேளுங்கள். அவர் குவியலை டேப் பிடித்து அளக்கட்டும். மூன்று ஏக்கரில் 20 செ.மீ. மண் வழித்திருந்தால் சுமார் 2,400 கன மீட்டர் வர வேண்டும். வெட்டிய மண் உதிர்ந்து பருமன் கூடும். ஆகவே குவியல் அதைவிடப் பெரிதாகவே இருக்க வேண்டும். குறைந்தால், குறைந்தது எங்கே போனது என்று குத்தகைதாரர்தான் சொல்ல வேண்டும். வழித்த ஆழத்துக்குச் சாட்சி, வெட்டாத வரப்போரம். அங்கே ஒரு குழி தோண்டி, மேலே கருஞ்சிவப்பாக, வேரோடிய மண் எத்தனை சாண் இருக்கிறது என்று ஆணையரிடமே காட்டுங்கள். அந்த ஒரு சாண் மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகின்றன. பணம் கொடுத்து அதைத் திரும்ப வாங்கிவிட முடியாது.

மீதமுள்ள குவியலைக் காப்பாற்றவும் உத்தரவு கேளுங்கள்: கழிவுக்கல் கலக்கக் கூடாது, டிப்பர் மேலே ஏறி மிதிக்கக் கூடாது, மலைபோல் உயர்த்தக் கூடாது. உயர்த்தினால் உள்ளே காற்றில்லாமல் நுண்ணுயிர்கள் மடியும். மேலே கொள்ளு விதைத்தால் மழையில் கரையாது. நான் மனுவில் இதைத் தவறாமல் எழுதுவேன்.

நிலத்தை மீட்டெடுக்கவும் இழப்பீட்டுக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுகலாம். ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. அங்கே தடை உத்தரவு மட்டும் கேட்பதானால் ஆறு மாதம்தான். முதல் லோடு போன நாளை நினைவுபடுத்தி எழுதிவையுங்கள். அசல் ஒப்பந்தம், பஹணி (கர்நாடக நில உரிமை, பயிர் ஆவணம்), தேதியுள்ள புகைப்படங்கள் ஆகியவற்றோடு இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.