சிறுமூளைக்கும் ஒரு மாநாடா? வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகள் சிறுமூளை மாநாடு என்று சொல்லி விமானம் ஏறிப் போகிறாள். மூளைக்கு ஒரு மாநாடு போதாதா? அதில் ஒரு மூலைக்கும் தனியாகக் கூட்டம் போடுவார்களா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: போடுவார்கள், போடவும் வேண்டும். எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான் சிறுமூளை. ஆனால் 2009-ல் பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் குழு எண்ணிப் பார்த்தபோது, மனித மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி அங்கேதான் இருந்தன. நடக்க, நிமிர்ந்து நிற்க, தளும்பாமல் டம்ளரை எடுக்க மட்டும்தான் அது என்ற எண்ணமும் போய்விட்டது. சிறுமூளை பாதித்தவர்களுக்குத் திட்டமிடுவதிலும் பேச்சிலும் குணத்திலும்கூட மாற்றம் வருகிறது என்று 1998-ல் ஜெரமி ஷ்மாமனும் ஜேனட் ஷெர்மனும் விவரித்த பிறகு, மனநல மருத்துவர்களுக்கும் இங்கே வேலை வந்துவிட்டது. ஸ்வெட்டர் கொடுத்து அனுப்புங்கள், மாநாட்டு அரங்குகளில் ஏசியைக் குறைக்கச் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

கேள்வி: ஐரோப்பாவில் பிஎச்.டி. செய்கிறேன். எங்கள் பேராசிரியர் மூன்று நாள் சிறுமூளை மாநாடு நடத்துகிறார், நிகழ்ச்சி நிரல் போடும் பொறுப்பு என் தலையில். எங்கே ஆரம்பிப்பது? – வாசகி

பதில்: தேதியில். நரம்பியல்காரர்கள் இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் சொசைட்டி ஃபார் நியூரோசயின்ஸ் கூட்டத்துக்குப் போய்விடுவார்கள், இரட்டைப்படை ஆண்டுகளில் கோடையில் ஐரோப்பாவின் ஃபென்ஸ் மாநாடு வேறு. இவற்றோடு மோதினால் உங்கள் அரங்கில் நாற்காலிதான் இருக்கும். மோதாமல் ஒட்டிக்கொள்ளலாம்: பெரிய கூட்டத்துக்கு முந்தைய இரண்டு மூன்று நாளில், அதே ஊரிலோ பக்கத்து ஊரிலோ வைத்தால் தூரத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரே டிக்கெட்டில் இரண்டும் முடியும்.

அப்புறம் அமர்வுகள். எல்லோரும் செய்யும் காரியம், எலியை வைத்து ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு காலை, ஸ்கேன் ஆட்களுக்கு ஒரு மதியம், மருத்துவர்களுக்கு ஒன்று, கணித மாதிரி போடுபவர்களுக்குக் கடைசி நாள் கடைசி மணி என்று பிரித்துவிடுவது. அவரவர் முறை முடிந்ததும் அவரவர் காபிக்குப் போய்விடுவார்கள். இந்தத் துறைக்கு இது கொஞ்சம்கூடச் சரிப்படாது, ஏனென்றால் இங்கே பெரிய சண்டைகள் எல்லாமே வேலி தாண்டித்தான் நடந்திருக்கின்றன. சிறுமூளை எப்படிக் கற்கிறது என்று 1969-ல் டேவிட் மார் ஒரு கோட்பாடு சொன்னார். புர்கின்யே செல்லில், அதாவது சிறுமூளையின் பெரிய நரம்பணுவில், குறிப்பிட்ட இணைப்புகள் வலுப்பெறும் என்பது அவர் கணக்கு. இல்லை, பலவீனமாகும் என்றார் ஜேம்ஸ் ஆல்பஸ், 1971-ல். மசாவோ இட்டோ குழு அந்தப் பலவீனமாதலைச் சோதனையில் காட்டியது 1982-ல். சரி, முடிந்தது என்று பார்த்தால் 2011-ல், அந்தப் பலவீனமாதல் ஏற்படாத எலிகளும் சாதாரணமாகவே கற்றுக்கொள்கின்றன என்று ஓர் ஆய்வு வந்தது. இப்போதும் ஓயவில்லை. ஆகவே அமர்வைக் கேள்வியை வைத்துக் கட்டுங்கள். 'தவறிலிருந்து கற்பது' என்று ஒன்று போட்டால், ஒலியைக் கேட்டதும் கண்ணில் காற்று அடிக்கப்போகிறது என்று முன்கூட்டியே இமையை மூடும் எலியைப் பற்றிப் பேசுபவரும், அதற்குச் சமன்பாடு எழுதுபவரும், நோயாளிகளிடம் அதையே சோதிக்கும் மருத்துவரும் ஒரே மேடையில் உட்கார வேண்டியிருக்கும். எழுந்து போக முடியாது.

போஸ்டரை, அதாவது மேடை கிடைக்காதவர்கள் ஆய்வைத் தாளில் அச்சடித்து மாட்டி, பக்கத்தில் நின்று விளக்குவதை, மட்டும் தயவுசெய்து இரவுச் சாப்பாட்டு நேரத்தில், கழிவறைக்குப் போகும் நடையில் தள்ளாதீர்கள். 1889-ல் பெர்லினில் ஜெர்மன் உடற்கூறியல் சங்கத்தின் கூட்டம். பார்சிலோனாவில் பேராசிரியராக இருந்த, நரம்பணுக்களை ஆராய்ந்த ரமோன் இ கஹால் கைக்காசைச் செலவழித்து, தன் மைக்ராஸ்கோப்பையும் ஸ்லைடுகளையும் சுமந்துகொண்டு அங்கே போனார். அவர் ஸ்பானிஷில் எழுதியதைப் படிப்பார் யாருமில்லை, பேசியதோ தட்டுத்தடுமாறிய பிரெஞ்சு. மேடைப் பேச்சு என்றால் அன்றே கதை முடிந்திருக்கும். செய்முறை காட்டும் நேரம் என்று ஒன்று இருந்ததால் பிழைத்தார். எழுபதைத் தாண்டிய கோலிக்கரை, அந்தத் துறையின் பெரிய மனிதரை, தன் மேசைக்கே அழைத்துப்போய் லென்ஸில் கண்ணை வைக்கச் செய்தார். உள்ளே தெரிந்தவற்றில் சிறுமூளையின் செல்களும் உண்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாக, கறுப்பு மையில் வரைந்த மாதிரி. அதற்கப்புறம் கோலிக்கர் கஹாலைப் படிப்பதற்காகவே ஸ்பானிஷ் கற்றுக்கொண்டார். உங்கள் மாநாட்டிலும் ஆங்கிலம் திக்குகிற ஒரு மாணவர் இருப்பார். அவருடைய போஸ்டருக்குப் பகல் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம், பக்கத்திலேயே காபி, எதிரே வேறு அமர்வு எதுவும் இல்லை. இதற்காக இரண்டு பிரபலப் பேச்சாளர்களைக் குறைத்தாலும் குற்றமில்லை, அவர்கள் சொல்லப்போவது முக்கால்வாசி ஏற்கெனவே அச்சில் வந்ததுதான்.

கேள்வி: என் தம்பிக்கு அட்டாக்சியா, பெரும்பாலும் சிறுமூளை பாதித்து வருவது, தள்ளாடித்தான் நடப்பான். இந்த மாதிரி மாநாடுகளுக்கு எங்களைப் போன்றவர்கள் போய்ப் பயன் உண்டா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: வைத்தியம் தேடிப் போவதாக இருந்தால் வேண்டாம், அதற்கு நரம்பியல் மருத்துவர்தான். ஆனால் 2022-ல் டாலஸிலும் 2024-ல் லண்டனிலும் நடந்த சர்வதேச அட்டாக்சியா ஆய்வு மாநாடுகளை நோயாளிகளுக்கான அமைப்புகளே முன்நின்று நடத்தின என்பதைப் பாருங்கள். அட்டாக்சியாவில் பல வகை. ஃப்ரீட்ரைக் வகைக்கு 2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதல் மருந்து அனுமதி பெற்றது, அது எல்லா வகைக்கும் பொருந்தாது. தம்பிக்கு எந்த வகை என்று மரபணுப் பரிசோதனை செய்திருக்கிறீர்களா? அதுதான் முதல் வேலை.

மேலே எழுதிய பிஎச்.டி. வாசகியும் இதைக் கவனிக்கட்டும்: மேடைக்குப் படிக்கட்டு மட்டும் இருந்தால் கைப்பிடியாவது வையுங்கள், இவர்களில் பலருக்குப் பேச்சும் குழறும். 'சுருக்கமாகக் கேளுங்கள்' என்று மைக்கைப் பிடுங்கும் அமர்வுத் தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். சிறுமூளை மாநாட்டில் அது அசிங்கம்.

கேள்வி: எல்லாப் பேச்சையும் யூடியூபில் போட்டுவிட்டால் ஏழை நாட்டு மாணவர்களுக்கு உதவுமே, ஏன் போடுவதில்லை? – வாசகர், மதுரை

பதில்: பேச்சாளர் சம்மதித்தால் போடலாம், பாடம் மாதிரியான உரைகளைக் கட்டாயம் போடலாம். ஆனால் கார்டன் (Gordon) ஆய்வு மாநாடுகள் என்று ஒரு வரிசை உண்டு, சிறுமூளைக்கும் அதில் தனி மாநாடு நடக்கிறது. அங்கே ஸ்லைடைப் படம் எடுக்கவோ, கேட்டதை வெளியில் மேற்கோள் காட்டவோ கூடாது. அதனால்தான் அச்சேறாத, பாதியில் நிற்கும், தோற்றுப்போன சோதனைகளை அங்கே தைரியமாக எடுத்து வைக்கிறார்கள். கேமரா ஓடினால் அதெல்லாம் பெட்டிக்குள் போய்விடும். ஏழை மாணவர் பற்றிய உங்கள் கவலை நியாயமானது, அதற்கு வழி பயண உதவித்தொகை. விருந்தில் ஒரு கோர்ஸைக் குறைத்தால் ஓரிருவருக்காவது டிக்கெட் எடுக்கலாம்.