அலமாரியில் கிடந்த கேம்பாயும் வேறு சில கேள்விகளும்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா 1990களில் வாங்கி வந்த சாம்பல் நிற கேம்பாய் (கையில் பிடித்து ஆடும் நின்டெண்டோ வீடியோ கேம் கருவி) இப்போது அலமாரியிலிருந்து கிடைத்தது. ஆன் ஆகிறது, சத்தமும் வருகிறது. ஆனால் திரையில் மேலிருந்து கீழாக நான்கைந்து கோடுகள் விடுபட்டிருக்கின்றன. வெளிச்சமுள்ள புதுத் திரை போட்டு, உறையையும் மாற்ற ஆசை. சால்டரிங் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: புதுத் திரையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். உங்கள் பழைய திரை செத்துப்போகவில்லை. 1989-ல் வந்த அந்த முதல் மாடலில் கண்ணாடிக்கும் அதன் கீழே ஓடும் ரிப்பன் கேபிளுக்கும் நடுவே ஒரு ஒட்டு இருக்கிறது. மின்சாரம் கடப்பது அதன் வழியாகத்தான். வருடங்கள் போகப் போக அது விட்டுவிடும். விட்ட இடத்துக்கு நேராக ஒரு கோடு காணாமல் போகும். சூடு காட்டினால் பெரும்பாலும் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

செய்முறையைச் சொல்கிறேன். பின்பக்கத் திருகுகள் மூன்று வெட்டுள்ள தலை கொண்டவை, அதற்கான ஸ்க்ரூ டிரைவர் தனியாக வேண்டும். சாதாரண ஸ்டாரை வைத்து அழுத்தித் திருகாதீர்கள், தலை மழுங்கிவிடும். பேட்டரி அறைக்குள்ளும் திருகுகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பின்மூடியை வெடுக்கென்று இழுக்கவே கூடாது. இரண்டு பாதிகளையும் ஒரு தட்டையான கேபிள் இணைக்கிறது. அதை நேராக, மெதுவாகக் கழற்றுங்கள். அப்புறம் முன்பக்க போர்டைக் கழற்றினால் திரைக்குக் கீழே அந்த ரிப்பன் தெரியும். போர்டுகளை மறுபடி இணைத்து, கேம்பாயை ஆன் செய்து வைத்துக்கொண்டே, சூடு குறைத்து வைத்த சால்டரிங் அயனின் முனையை ரிப்பன்மீது இடமிருந்து வலமாக மெல்ல இழுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். கண்ணாடியைத் தொடாதீர்கள். விடுபட்ட கோடு கண்முன்னே ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். நான் முதல்முறை அதைப் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன். கோடுகள் குறுக்காக விடுபட்டிருந்தால் கதை வேறு, பக்கவாட்டு இணைப்பைச் சரிசெய்வது கடினம். உங்களுடையது நெடுக்கில்தானே, தைரியமாக இறங்குங்கள்.

ஆனால் அயனைக் கேம்பாயில் வைப்பதற்கு முன் ஒரு வாரம் பழக வேண்டும். பழைய இரும்புக் கடையில் கெட்டுப்போன ரேடியோ போர்டு ஒன்று வாங்குங்கள். அதிலுள்ள உதிரிகளைக் கழற்றுங்கள், திரும்ப வையுங்கள், ஐம்பது முறையாவது. வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் அயன், 0.8 மில்லிமீட்டர் ஈயக் கம்பி, ரோசின் பேஸ்ட், சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு மல்டிமீட்டர் போதும். குழாய் வேலைக்கான அமிலப் பேஸ்டை மட்டும் தொடாதீர்கள், செம்பை அரித்துவிடும். என் அப்பாவின் ரேடியோ கடையில் எனக்கு முதல் பாடம் இதுதான். ஈயத்தை அயனில் உருக்கித் தடவக் கூடாது. இணைப்பைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானாக ஓட வேண்டும்.

பேட்டரி அறையில் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அல்கலைன் செல் கசிந்திருந்தால் அது காரம், வினிகர் நனைத்த பஞ்சால் துடைத்தால் போகும். நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண செல் கசிந்தால் அது அமிலத்தன்மை உள்ளது. அதற்குச் சமையல் சோடா கரைசல்தான் சரி. கடைசியாக ஆல்கஹாலால் துடைத்துக் காய விடுங்கள்.

இதையெல்லாம் முடித்த பிறகும் ஆசை இருந்தால் நீங்கள் கேட்ட வெளிச்சமுள்ள திரையை, ஐபிஎஸ் என்ற வகை, போடுங்கள், நான் தடுக்க மாட்டேன். வெளிச்சம் அருமையாக இருக்கும், பேட்டரி சீக்கிரம் தீரும். சில கிட்களுக்கு உறையின் உட்புறத்தை வெட்ட வேண்டியிருக்கும், அதனால் மாமா கொடுத்த உறையை வெட்டாமல், புது உறை ஒன்றை வாங்கி அதை வெட்டுங்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் பையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள்.

கேள்வி: கேம்பாயில் ஆடும் போக்கிமான் கோல்ட் கேசட்டில் பழைய ஆட்டம் சேமிப்பில் நிற்பதே இல்லை. பேட்டரி மாற்றினால் போதுமா? (வாசகி, கோவை)

பதில்: போதும். உள்ளே இருப்பது சிஆர்2025 நாணய பேட்டரி. கோல்ட், சில்வர் கேசட்டுகளில் கடிகாரமும் அதில்தான் ஓடுகிறது, அதனால் முந்தைய போக்கிமான் கேசட்டுகளைவிட முன்னதாகவே தீர்ந்துபோகும். புது பேட்டரியை, காதுத் தகடு வைத்துப் பற்றவைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். நாணய பேட்டரியின் மேலேயே நேராகச் சால்டர் செய்தால் வெடிக்கக்கூடும்.

உங்கள் கேசட்டில் இழக்க ஒன்றும் இல்லை. ஆனால் ஆட்டம் இன்னும் நிற்கும் கேசட்டை வைத்திருப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பேட்டரியைக் கழற்றிய கணத்தில் சேமித்ததெல்லாம் போய்விடும். என் சித்தப்பா மகனின் கேசட்டை நான் அப்படித்தான் கழற்றினேன். அவன் பள்ளி நாட்களில் வளர்த்த போக்கிமான் கூட்டம் முழுதும் போயிற்று. அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை, அது இன்னும் வலிக்கிறது. இப்போதெல்லாம் கணினியில் இணைக்கும் கேசட் ரீடரை வைத்து முதலில் நகல் எடுக்காமல் எந்தக் கேசட்டையும் நான் திறப்பதில்லை.

கேள்வி: எட்டாம் வகுப்பு மகன் இந்தச் சால்டரிங் வேலையைச் செய்ய வேண்டும் என்கிறான். ஈயம் விஷம் என்கிறார்களே? (ஒரு அம்மா, தஞ்சாவூர்)

பதில்: ஈயம் விஷம்தான், ஆனால் அது உடம்புக்குள் போவது பெரும்பாலும் கையிலிருந்து வாய் வழியாக. வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கைகழுவ வேண்டும், மேசையில் தின்பண்டம் கூடாது. சால்டரிங்கின்போது வரும் புகை பேஸ்ட்டின் புகை, அது கண்ணையும் மூச்சையும் உறுத்தும். ஜன்னல் திறந்து சிறு ஃபேன் வையுங்கள். நான்கு செல்லில் ஓடும் கைக்கருவி அவனுக்கு ஏற்ற இடம். ஆட்டத்துக்காகப் பழைய குழாய் டிவி வாங்கி வந்தால் அதை மட்டும் திறக்க விடாதீர்கள். கலர் டிவிக்குள் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தேங்கி நிற்கும். அது எனக்கும் பயமான இடம்தான் அம்மா. மற்றபடி அவன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள், முதல் திருகை நீங்களே கழற்றிப் பாருங்கள்.